ஜெசிந்தா மேடம் பேசுறேனுங்க

அக்கா, அந்தக் கூடையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வச்சிடுங்க. நீங்க சிரிச்சுக் குலுங்கும்போது உள்ளே இருக்கிற தக்காளி நசுங்கினால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். ஆமாம், சிரிக்கத்தான் போறீங்க. ஆனால் இப்ப இல்லை. பாலவநத்தம் தாண்டட்டும். சிரிப்பை முதலிலேயே கொடுத்துவிட்டால் மிச்ச வழிக்கு ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிடுவீங்க. எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்.

முதலில் நான் யாரென்று தெரியணும். பேரு மோனிஷா, ப்ளஸ் ஒன். ஒருத்தர் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசட்டும், ஐந்தாவதை நான் பேசிடுவேன். அவங்களைப் பெத்த அம்மாவுக்கே வித்தியாசம் தெரியாது. இப்ப கண்டக்டர் கத்தினாரே, "விருநர் விருநர் விருநர்! உள்ள போம்மா, படிக்கட்டுல என்ன பரதநாட்டியம்!" பாத்தீங்களா, திரும்பிப் பார்க்கிறார். தான்தான் பேசினோமா என்று அவருக்கே சந்தேகம். எங்கள் எச்.எம். அம்மா குரலில் ஒருதரம் ஒன்பதாம் வகுப்பு வாசலில் நின்று, "என்ன சத்தம்? மீன் மார்க்கெட்டா இது?" என்றேன். உள்ளே பாடம் நடத்திக்கொண்டிருந்த டீச்சரே எழுந்து நின்றுவிட்டார்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். விஷயம் எங்கள் தமிழய்யா. பேரு முத்திருளப்பன். பேரைக் கேட்டதும் கொட்டாவி வருதா? எனக்கும் வரும். ரிட்டயர் ஆக நாலைந்து வருஷம் இருக்கு. சட்டைப் பையில் சிவப்புப் பேனா மட்டும் இரண்டு. கட்டுரை நோட்டைத் திருத்தித் தந்தாரென்றால் அது அம்மை போட்ட பிள்ளை மாதிரி இருக்கும். அத்தனை சுழி. அதை ஒருத்தரும் படித்ததில்லை அக்கா. மார்க்கைப் பார்த்துவிட்டு மூடிவிடுவோம். படிக்க மாட்டோம் என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும் நோட்டுக் கட்டை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார், சுழிப்பார், தூக்கிக்கொண்டு வருவார். அப்படி ஒரு ஜென்மம்.

அவர் மேல் எனக்கு என்ன கோபம் என்று கேட்கமாட்டீங்களா? கேளுங்க. ஆண்டு விழாவில் நான் மிமிக்ரி பண்ணுவதாக இருந்தது. பேர் கொடுத்தாச்சு, துணி தைச்சாச்சு. இந்த மனுஷன் குறுக்கே வந்து எச்.எம்.மிடம், "மிமிக்ரியெல்லாம் கலையில்ல மேடம், அடுத்தவன் தின்னதை வாந்தியெடுக்கிறது" என்றார். வாந்தியாம்! என் பேரை அடித்துவிட்டு, அதே இடத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கும்மியடிக்க விட்டார்கள். அன்றைக்கு முடிவு பண்ணினேன். இந்த ஆளை ஒருநாள் கும்மி அடிக்கவில்லையென்றால் நான் மோனிஷா இல்லை.

சமயம் தானாக வந்தது. டேப்பில்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களுக்கெல்லாம் ஆளுக்கொரு டேப் கொடுத்தார்கள், சிலேட்டு அகலத்துக்குப் பெரிய போன் மாதிரி இருக்குமே, அது. இனிமேல் கட்டுரையை நோட்டில் எழுதக் கூடாது. நாங்கள் வீட்டில் அம்மா போனிலோ அண்ணன் போனிலோ எழுதுவோம். அது எழுத எழுத வாத்தியாருடைய டேப்பில் தெரியும். அவர் ஓரமாக ஒரு பெட்டியில் கமெண்ட் எழுதணும். ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒவ்வொரு வாரமும். இதைச் செய்து காட்டாதவர்களுக்கு அடுத்த வருஷம் ப்ளஸ் டூ கிடையாது, ஆறாம் வகுப்புதான் என்று எச்.எம். அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். அய்யாவுக்கு முகம் செத்துப்போச்சு. ரொம்ப வருஷமாக ப்ளஸ் டூ எடுக்கிறவர். ஆறாம் வகுப்பில் உட்கார்ந்து "அய்யா, இவன் என் பென்சிலை எடுத்துட்டான்" என்கிற புகாரையெல்லாம் கேட்கச் சொன்னால் உயிரையே விட்டுவிடுவார்.

அதற்குப் பயிற்சி கொடுக்க ஒருநாள் ஒரு மேடம் வந்தார். ஜெசிந்தா மேடம். பொள்ளாச்சிக்காரர், இந்தப் பக்கம் வாக்கப்பட்டு வந்தவர். அன்றைக்குப் பார்த்து நான் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தேன். கம்ப்யூட்டர் ரூம் ஜன்னல் பக்கம். எப்போதும் நிற்கிற இடம்தான். மேடம் பேசுவதைக் கேட்டதும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது அக்கா. "பயப்படாதீங்க சார், இது கடிக்காதுங்க. மேல ஒரு தட்டு, கீழ ஒரு தட்டு, அவ்வளவுதானுங்க. ஓகேங்களா?" ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வால் மாதிரி ஒரு ஓகேங்களா.

அய்யா டேப்பைச் சுடச்சுட இட்லித் தட்டைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு கேட்கிறார், "மேடம், இதுல சுழிக்க முடியாதா?"

"சுழிக்க வேண்டாமுங்க சார். ஓரத்துல பதமா சொன்னாப் போதுமுங்க."

"ஓரத்துல பதமா சொன்னா எவன் கேப்பான்?"

எல்லா வாத்தியார்களும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. குரலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் சாயங்காலம் எங்கள் சித்தியுடைய பழைய போனில் கூப்பிட்டேன். "வணக்கமுங்க சார், ஜெசிந்தா மேடம் பேசுறேனுங்க. இது என்ற புது நம்பருங்க. டேப்பு எப்படிங்க போகுது?"

எழுந்து நின்றே பேசினார் என்று நினைக்கிறேன். "வணக்கம் மேடம், வணக்கம் மேடம்" என்று மூச்சு வாங்குகிறது.

"சார், பேசினாலே எழுதுற வசதி ஒண்ணு இருக்குதுங்க. ஆனா அதுக்கு உங்க குரல் பழகோணுங்க. மொட்டை மாடிக்குப் போயி, டேப்பை நெஞ்சுக்கு நேரா புடிச்சிக்கிட்டு, அகரத்துலருந்து உரக்கச் சொல்லுங்க. தெனமும். ஓகேங்களா?"

அவர் வீடு எங்கள் பின் தெரு. எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நானும் என் கூட்டாளி ரிஸ்வானாவும் படுத்துக்கிடந்தோம். வந்தார் அக்கா! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, டேப்பைப் பார்த்து, "அ... ஆ... இ..." காக்காய்கள் எல்லாம் பறந்துபோச்சு. எதிர்வீட்டு அம்மா துணி காயப்போட வந்தவர் போட்ட துணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். ரிஸ்வானாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல்.

இருங்க இருங்க. அதற்குள் பல்லைக் காட்டாதீங்க. இது இல்லை அந்தச் சிரிப்பு. இது சும்மா ஊறுகாய்.

அப்புறம் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை பேசினேன். என்னத்தைச் சொல்ல, அந்த ஆளுக்குப் பேச ஆளே இல்லை போலிருக்கிறது. ஒருநாள் திட்டுவார். "மேடம், இந்த எழவைக் கொண்டுபோய்க் கெணத்துல போடப்போறேன். பிழையா எழுதினா அதுவே அடியில கோடு போடுது. அப்ப நான் எதுக்கு? திருவிழாவுல தொலைஞ்ச புள்ள மாதிரி நிக்கிறேன்." மறுநாள் அதே வாய் வேறு மாதிரி பேசும். "மேடம், ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது. இத்தனை வருஷமா பிள்ளைங்க எழுதி முடிச்சதைத்தான் பாத்திருக்கேன். எழுதுறதைப் பாத்ததில்ல. நேத்து ஒரு பொண்ணு எழுதிட்டிருந்தா, வகுப்புல வாயே திறக்காத பிள்ளை. 'எங்க அப்பா'ன்னு எழுதினா. நின்னா. அழிச்சா. மறுபடி 'எங்க அப்பா'. மறுபடி அழிச்சா. அப்புறம் 'எங்க வீடு மெயின் ரோட்டில் இருக்கிறது'ன்னு ஆரம்பிச்சா. நோட்டா இருந்தா அந்த மெயின் ரோடு மட்டும்தான் மேடம் என் கைக்கு வந்திருக்கும். நான் அதுக்குச் சுழி போட்டிருப்பேன். இப்ப என்ன போடுறதுன்னே தெரியல. இதையெல்லாம் நான் பாக்கலாமா கூடாதான்னும் தெரியல."

குரல் உடைகிறது அக்கா, டேப்பைப் பிடித்துக்கொண்டு! நான் தலையணையை வாயில் திணித்துக்கொண்டேன். அப்புறம், "சூப்பருங்க சார், அப்டியே கண்டினியூ பண்ணுங்க" என்று வைத்துவிட்டேன். ஒரு கருவியைப் பழகச் சொன்னால் பழகணும். இல்லையென்றால் முடியாது என்று விட்டுவிடணும். திட்டிக்கொண்டே தடவுவதும், தடவிக்கொண்டே அழுவதும். இதுகளெல்லாம் நமக்குப் பாடம் எடுக்க வந்திருக்குதுகள்.

நடுவில் ஒரே ஒரு இடத்தில் எனக்குப் பகீரென்றது. வாத்தியார்களுக்கெல்லாம் ஒரு கூட்டம் போட்டார்கள். நிஜ ஜெசிந்தா மேடமும் அங்கே வந்திருக்கிறார். சாயங்காலம் இவரே கூப்பிட்டார். "மேடம், இன்னிக்குக் கூட்டத்துல வணக்கம் வச்சேன். மாடியில தெனமும் சொல்றேன், குரல் பழகிடுச்சான்னு கேட்டேன். போன்ல இவ்வளவு பழகிட்டு, நேர்ல ஆளே தெரியாத மாதிரி முழிச்சீங்களே?"

வேற யாராவது என்றால் போனைப் போட்டுவிட்டு ஓடியிருப்பாங்க. நான் மோனிஷா. ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "நேர்ல பேசினா மத்த சாருங்க ஒரு மாதிரி நினைப்பாங்களுங்க. கூட்டத்துல நாம பேசிக்க வேண்டாமுங்க சார். போனோட வச்சுக்கலாம். ஓகேங்களா?"

அப்புறம் ஒரு இருமல். "புரியுது மேடம். நல்லாப் புரியுது."

பாத்தீங்களா? எப்படி அமுக்கினேன்! அந்த வாரத்திலிருந்துதான் எனக்கு யோகமே அடித்தது.

அடுத்த போனிலேயே பூனைக்குட்டி மாதிரி கெஞ்சுகிறார். "மேடம், இந்தக் கமெண்ட் போடுறது மட்டும் எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது. மாதிரிக்கு ரெண்டே ரெண்டு கட்டுரைக்கு நீங்க போட்டுக் காமிச்சா, அதைப் பாத்து நான் பழகிக்குவேன்." எனக்குக் கசக்குமா? எங்கள் வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிற கீர்த்தனாவின் கட்டுரையை நான் திருத்தப் போகிறேன்! ஜெசிந்தா மேடம் பேரில் ஒரு மெயில் ஐடி உண்டாக்கி அவரிடம் கொடுத்தேன். இரண்டு கட்டுரை அனுப்பினார். போட்டேன். "ஆகா மேடம், பிரமாதம். ஆனா இன்னும் பிடிபடல. ஒரு பத்து இருந்தா..." பத்து போட்டேன். "கிட்டத்தட்டப் பிடிபட்டுடுச்சு மேடம். முழு வகுப்பையும் ஒரு தடவை பாத்துட்டா..."

மரமண்டை அக்கா! இரண்டில் புரியவில்லை, பத்தில் புரியவில்லை, நாற்பத்து மூன்று பேருடைய கட்டுரையையும் திருத்திக் காட்டினாலும் அடுத்த வாரம் அதே பாட்டு. "இந்த வாரத் தலைப்பு புதுசு மேடம், இதுக்கு எப்படிப் போடணும்னு தெரியலையே." வாராவாரம் நானே போட்டேன். இப்படி ஒரு மக்கு வாத்தியாரை நீங்க எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?

வேலை லேசில்லை, சொல்லிடறேன். நாற்பத்து மூன்று பேர் 'மரம் வளர்ப்போம்' என்று எழுதினால் அதைப் படிக்கிறவள் கதி என்ன ஆகும் என்று படித்தால்தான் தெரியும். அத்தனை பேரும் 'மனிதன் தன் சுயநலத்துக்காக' என்றே ஆரம்பிக்கிறார்கள். எந்த மனிதன்? எனக்கு வெறுத்துப்போய் எழுதினேன்: 'உன் வீட்டுக்குப் பக்கத்தில் வெட்டின மரம் எது? வெட்டினது யார்? அந்த ஆள் பேரைப் போட்டு எழுது. ஓகேங்களா?' அவர் அந்த ஓகேங்களாவை மட்டும் எடுத்துவிட்டு அப்படியே தன் பேரில் போட்டுவிடுவார். மறுநாள் வகுப்பே வாயைப் பிளக்கும். "அய்யா இப்பல்லாம் சூப்பரா கமெண்ட் போடுறாருடி! போனிலயே ரெண்டு தடவை படிச்சேன்!" கீர்த்தனாவே சொன்னாள். அவள் பழைய கட்டுரையை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள், மரம் வெட்டின அவங்க பெரியப்பா பேரைப் போட்டு. வீட்டில் அடி வாங்கினாளாம். நான் உள்ளுக்குள்ளே ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒட்டுமொத்த வகுப்பையும் ஏமாற்றுகிறேன், வாத்தியாரையும் ஏமாற்றுகிறேன்.

எங்க அம்மா, "என்னடி எப்பப் பாத்தாலும் போனைத் தடவிக்கிட்டு, ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் அடுப்புல போடுறேன் பாரு" என்று கத்தும். படிக்கிறேம்மா என்பேன். பொய்யில்லையே. நாற்பத்து மூன்று கட்டுரை படிக்கிறேன்.

ஒருவாரம் அலுப்பில் கடைசிப் பத்துப் பேருக்கு 'நன்று' என்று மட்டும் போட்டு அனுப்பினேன். உடனே போன். "மேடம், உடம்புக்கு முடியலையா? கடைசியில கொஞ்சம் அவசரம் தெரியுதே." பயந்துபோய் பத்தையும் திரும்பப் படித்து முழுசாகப் போட்டேன். பின்னே? சந்தேகம் வந்துடுச்சுன்னா?

என் கட்டுரையும் அதில் வருமே, அதற்கு என்ன பண்ணினாய் என்றுதானே பார்க்கிறீங்க? இருபதுக்குப் பத்தொன்பது போட்டேன். போடமாட்டேனா? ஆனால் அந்த ஒன்றில் மட்டும் மனுஷன் எங்கிருந்தோ புத்தி வந்து கையை வைத்தார். "மேடம், இந்தப் பிள்ளைக்கு ரொம்பத் தாராளம் காமிச்சிட்டீங்க. அடுத்தவங்க எழுத்துல இருக்கிற ஓட்டை எல்லாம் கண்ணுக்குத் தெரியுது, இதுல மட்டும் தெரியலையே" என்று பதினொன்று ஆக்கிவிட்டார். பாருங்க, மேடம் மேல் எவ்வளவு பயமிருந்தாலும் என் மேல் இருக்கிற வஞ்சம் போகவில்லை.

மற்றபடி நல்ல மரியாதை. பள்ளிக்கூட நேரத்தில் கூப்பிடவே மாட்டார். அரைப் பரீட்சை வந்தபோது, "இந்த ரெண்டு வாரம் வேண்டாம் மேடம், உங்களுக்கும் படிக்க... பாக்க நிறைய வேலை இருக்கும்" என்று தானாகவே நிறுத்திவிட்டார். நாக்குக் குழறல். டேப்பு முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து பேச்சே மறந்துபோச்சு.

என்ன அக்கா கேட்டீங்க? அவர் இத்தனை நாளும் சாயங்காலம் என்ன பண்ணினாரா? அது தெரியாதா, ஷட்டில் விளையாடப் போவார். முன்னெல்லாம் நோட்டுக் கட்டைச் சுமந்துகொண்டு முதுகு வளைந்து போவார், இப்ப இரண்டு கையையும் வீசிக்கொண்டு போகிறார். தொப்பை கூடக் குறைந்திருக்கிறது. ஏன், ஏன் உதட்டைக் கடிக்கிறீங்க? சிரிப்பு இன்னும் வரலை அக்கா. அவசரப்படாதீங்க.

இன்றைக்குத்தான் சிரிப்பு. விருதுநகரில் ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா. பிள்ளைகளுக்கு டேப்பில் நல்லா எழுதக் கற்றுக்கொடுத்த வாத்தியார்களுக்குச் சால்வை. எங்கள் எச்.எம். அம்மாவே இவர் பேரை எழுதி அனுப்பினார், "முத்திருளப்பன் சார் மாதிரி ஒருத்தர் கமெண்ட் எழுதி நான் பார்த்ததில்லை" என்று. ப்ளஸ் டூ அவருக்குத்தான் என்றும் சொல்லியாச்சு. அதில் ஒரு கூத்து, ஒவ்வொரு வாத்தியாரைப் பற்றியும் ஒரு மாணவர் மேடையில் இரண்டு நிமிஷம் பேசணுமாம். கீர்த்தனா இருக்கிறாள், பேச்சுப் போட்டியில் கப்பு வாங்கினவள். இவர் யாரைத் தேர்ந்தெடுத்தார் தெரியுமா? என்னை! "மோனிஷா பேசட்டும். என் கமெண்ட்டைப் பத்தி அவளுக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்கும் தெரியாது" என்றார். தன் தலையில் தானே மண்ணை அள்ளிக்கொண்டார், லூசு.

நான் என்ன செய்யப் போறேன் என்று கேளுங்க. சால்வை போர்த்தி முடியட்டும். நான் மைக்கைப் பிடிப்பேன். முதல் வரிசையில் நிஜ ஜெசிந்தா மேடம் உட்கார்ந்திருப்பார். நான் அவர் குரலில், "வணக்கமுங்க, ஜெசிந்தா மேடம் பேசுறேனுங்க" என்று ஆரம்பிப்பேன். மாடி, காக்காய், அகரம், மெயில் ஐடி, எல்லாம். இந்தச் சார் ஒரு கமெண்ட் கூட எழுதலைங்க, அத்தனையும் நான் எழுதினதுங்க, ஓகேங்களா? அந்தச் சால்வையை அவரே கழற்றித் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஓடணும். ப்ளஸ் டூ என்ன, ஆறாம் வகுப்பில் கூட அதற்கப்புறம் தலை நிமிர முடியாது. வாந்தியா மிமிக்ரி? பார்த்துடலாம்.

நம்பிக்கை வரவில்லையா? முகத்தைப் பார்த்தாலே தெரியுதே. இப்பவே காட்டறேன். பாலவநத்தமும் போச்சு பாருங்க. ஸ்பீக்கரில் போடறேன், நீங்க மூச்சு விடக் கூடாது. அண்ணே, டிரைவர் அண்ணே, அந்தப் பாட்டைக் கொஞ்சம் குறைங்க!

"வணக்கமுங்க சார். ஜெசிந்தா மேடம் பேசுறேனுங்க."

"வணக்கம் மேடம், வணக்கம். உங்க போனைத்தான் எதிர்பாத்துக்கிட்டிருந்தேன்."

"மண்டபத்துக்கு வந்துட்டீங்களா சார்? பதட்டப்படாதீங்க. ஓகேங்களா?"

"எனக்கென்ன பதட்டம் மேடம், நீங்க இருக்கும்போது. இந்தச் சால்வையே உங்களுக்குப் போட வேண்டியது. நீங்க இல்லாட்டி நான் ஏது?"

கேட்டீங்களா அக்கா! கேட்டீங்களா! எப்படிக் குழைகிறது பாருங்க!

"ஐயோ, அப்டியெல்லாம் சொல்லாதீங்க சார். நானும் விழாவுக்குத்தான் வந்துக்கிட்டிருக்கேனுங்க."

"அதான் ஏர் ஹாரன் கேக்குது. எந்த வண்டி மேடம்?"

"நடுவுல நிக்காத ஒன் டு ஒன் பஸ்ஸுங்க சார். இதோ வந்துட்டேனுங்க."

"அடடா. ஒன் டு ஒன்ல ஸ்டூடண்ட் பாஸ் செல்லாதே. டிக்கெட் எடுத்துட்டீங்கல்ல மேடம்?"

"எடுத்துட்டேன் அய்யா."

...

அக்கா. இப்ப நான் 'அய்யா'ன்னா சொன்னேன்?

ஸ்டூடண்ட் பாஸ்ஸா? அப்ப அந்தக் கூட்டத்திலேயே... அப்ப அந்த நாற்பத்து மூணு பேரு, வாராவாரம்...

சிரிக்காதீங்க அக்கா. கெஞ்சிக் கேக்கறேன், சத்தமா சிரிக்காதீங்க. அவர் இன்னும் லைன்லதான் இருக்கார்.